மறைக்க வேண்டாத ஒரு விஷயம்

(நமது சபையின் திருவனந்தபுரம் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆரோக்கியத்தைப் பற்றி அரைமணி நேரம் பேச வேண்டும் என்று காரியதரிசி கேட்டுக்கொண்டபோது, நான் சர்க்கரை வியாதியைப் பற்றியோ முழங்கால் வலியைப் பற்றியோ பேசுவேன் என்று நினைத்திருப்பார். நான் எடுத்துக்கொண்ட விஷயம் கர்ப்பப்பைக் கட்டி, அதிலும் கர்ப்ப காலத்தில் இருக்கும் கட்டி. டாக்டர்கள் 'ஃபைப்ராய்டு' என்கிறார்கள். இந்த ஊரில் 'முழ' என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். நான் டாக்டர் இல்லை. கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். இதைப் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, அந்தக் கட்டியோடு ஒரு குழந்தையைப் பெற்றவள் என்பதுதான். ஏறக்குறைய நாற்பது வருஷம் அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தவள் என்பது இன்னொரு தகுதி என்றால், அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1981-ஆம் வருஷம். எனக்கு வயது 31. கல்யாணமாகி மூன்று வருஷத்துக்குப் பிறகு உண்டானேன். நான்காம் மாதத்திலேயே வயிறு ஆறு மாதம் போல இருந்தது. கரமனையில் இருந்த உறவுக்கார மாமிகள் எல்லோரும் இரட்டைக் குழந்தை என்று தீர்மானித்துவிட்டார்கள். என்னைப் பார்த்த லேடி டாக்டர் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "குழந்தை ஒன்றுதான். கூடவே ஒரு கட்டி இருக்கிறது. சாத்துக்குடி அளவு இருக்கும்" என்றார். இன்று போல ஸ்கேன் எல்லா இடத்திலும் கிடையாது. அவர்கள் விரல்களே அன்று ஸ்கேன்.

அகத்துக்கு வந்து சொன்னபோது என் மாமியார் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "வெளியிலே மூச்சு விடாதே. நாலு பேர் நாலு விதமாப் பேசுவா. உங்க அம்மாகிட்டேகூட இப்போ சொல்லாதே" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கர்ப்பப்பையில் கட்டி என்றால் புற்றுநோய் என்றும், தோஷம் என்றும், அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கே கர்ப்பம் தங்காது என்றும் பேசின காலம் அது. என் நாத்தனார்களுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது விஞ்ஞானத்துக்கு வருகிறேன். கர்ப்பப்பை என்பது தசையால் ஆன ஒரு பை. சாதாரணமாக 60, 70 கிராம் இருக்கும் அது, பிரசவ சமயத்தில் சுமார் ஒரு கிலோ ஆகிறது. அந்தத் தசையில் ஏதோ ஒரு அணு தனியாகப் பெருகி உருண்டையாகத் திரள்வதுதான் ஃபைப்ராய்டு. அது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் மிக மிக அபூர்வம். பெண்களுக்கு இயற்கையாக ஊறும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன்கள்தான் அதற்குத் தீனி. அதனால்தான் மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, 50 வயதுக்குள் வெள்ளை இனப் பெண்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கும், கறுப்பு இனப் பெண்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கும் இந்தக் கட்டி இருந்தது. பாதிப் பேருக்கு மேல் இருக்கும் ஒன்றை தோஷம் என்று எப்படிச் சொல்வது?

வயது ஏற ஏற இது அதிகம் காணப்படும். நம் பெண்கள் படித்து, உத்தியோகம் பார்த்து, முப்பதுக்கு மேல் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். ஆகவே கர்ப்பமும் கட்டியும் ஒரே சமயத்தில் தென்படுவது நம் குடும்பங்களில் இனி சகஜம். இப்போது மூன்றாம் மாதத்திலேயே ஸ்கேன் எடுப்பதால், முன்பு தெரியாமலே போன சின்னக் கட்டிகள்கூட ரிப்போர்ட்டில் வந்துவிடுகின்றன. ரிப்போர்ட்டைப் பார்த்து அழுகிற பெண்கள் பலரின் பாட்டிகளுக்கும் அதே கட்டி இருந்திருக்கும். பாட்டிக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்த ஸ்கேன் கருவியின் கதையிலேயே ஃபைப்ராய்டுக்குப் பங்கு உண்டு. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துப் பிரசவ மருத்துவப் பேராசிரியர் இயான் டொனால்ட், கொதிகலன்கள் செய்யும் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் தொழிற்சாலையில் உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையால் கண்டுபிடிக்கும் கருவி இருப்பதை அறிந்தார். 1955-ல் ஆபரேஷன் செய்து எடுத்த ஃபைப்ராய்டுகளையும் நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு அந்தத் தொழிற்சாலைக்கே போய்ச் சோதித்துப் பார்த்தார். நீர்க்கட்டிக்கு ஒருவிதமான எதிரொலி, ஃபைப்ராய்டுக்கு வேறுவிதம். 1958-ல் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரை லான்செட் பத்திரிகையில் வந்தது. இன்று நாம் ஃபோனில் அனுப்பிப் பார்த்து மகிழும் பேரக் குழந்தையின் ஸ்கேன் படத்துக்கு ஆரம்பம் அதுதான்.

என் கதைக்குத் திரும்புகிறேன். ஐந்தாம் மாதக் கடைசியில் ஒரு ராத்திரி வயிற்றில் தாங்க முடியாத வலி. லேசாக ஜுரம், வாந்தி. பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பெயர் வேண்டாம். டியூட்டியில் இருந்தவர் அப்பெண்டிக்ஸ் என்று நினைத்து ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். கட்டி இருப்பதை நானும் சொல்லவில்லை, என்னைக் கொண்டு வந்தவர்களும் சொல்லவில்லை. கூட இருந்த மாமியாரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் அவரே வாய் திறந்து, "டாக்டர், இவளுக்கு முழ உண்டு" என்றார். எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வந்து, வலிக்கும் இடமும் கட்டியின் இடமும் ஒன்றுதான் என்று தொட்டுக் காட்டினார். "வயிற்றைத் திறக்க வேண்டாம். நாலைந்து நாளில் சரியாகிவிடும்" என்றார். அப்படியே ஆயிற்று. இன்னும் அரைமணி நேரம் நாங்கள் மௌனமாக இருந்திருந்தால் தேவையில்லாத கத்தி என் வயிற்றில் பட்டிருக்கும்.

எனக்கு வந்ததற்கு 'ரெட் டிஜெனரேஷன்' என்று பெயர். கட்டிக்குப் போதுமான ரத்தம் கிடைக்காமல் அதன் உள்பகுதி சிவந்து நசிந்து போவது. சாதாரணமாக நடு மாதங்களில் வரும். ஓய்வு, தேவையானால் டிரிப்ஸ், டாக்டர் சொல்லும் வலி மாத்திரை, இவ்வளவுதான் வைத்தியம். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வலிக்கிறதே என்று அலமாரியில் இருக்கும் மாத்திரையைத் தானாக எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஐபுபுரோஃபென் போன்ற சில வலி மாத்திரைகள் கர்ப்பத்தின் பிற்பகுதியில் குழந்தையின் சிறுநீரகத்தையும் இருதய ரத்தக் குழாயையும் பாதிக்கக்கூடியவை. 'கட்டியைக் கரைக்கும்' என்று யாரோ கொடுக்கும் சூரணங்களும் அந்த ஒன்பது மாதத்தில் வேண்டவே வேண்டாம்.

கட்டி கர்ப்பத்தில் மளமளவென்று வளர்ந்து குழந்தையை நெரித்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. பெரும்பாலான கட்டிகள் அப்படி வளர்வதில்லை. வளர்பவையும் அதிகமாக முதல் மூன்று மாதங்களில்தான் வளர்கின்றன. கட்டி இருக்கும் பெண்களில் மிகப் பலருக்கு எந்தச் சிரமமும் இல்லாமல் பிரசவம் ஆகிறது. எண்ணிக்கையையும் அளவையும் விட முக்கியம், அது எங்கே இருக்கிறது என்பது. வெளிப்பக்கம் இருப்பது பொதுவாகச் சாது. உள்பக்கம் குழி விழுந்த இடத்தில் துருத்திக்கொண்டிருப்பது கருச்சிதைவுக்குக் காரணமாகலாம். நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் பெரிதாக இருந்தால், நஞ்சு முன்கூட்டியே பிரியும் அபாயத்தைக் கவனிக்க வேண்டும். கீழே வாசலை அடைத்துக்கொண்டிருந்தால் குழந்தை தலைகீழாகத் திரும்ப இடமில்லாமல் சிசேரியன் தேவைப்படும். எனக்கு இந்தக் கடைசி வகை. குழந்தை குறுக்காகக் கிடந்தது.

உண்மையில் பயப்பட வேண்டியது பிரசவத்துக்குப் பிறகு ரத்தப் போக்கைப் பற்றித்தான். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தையும் நஞ்சும் வெளியே வந்தவுடன், அந்தத் தசை நார்கள் இறுகி, நடுவே ஓடும் ரத்தக் குழாய்களைக் கயிறு போட்டுக் கட்டியது போல நெருக்கி அடைக்கின்றன. தசைக்கு நடுவே பெரிய உருண்டை உட்கார்ந்திருந்தால் அது சரியாக இறுக முடியாமல் போகலாம். அப்போது ரத்தம் நிற்காது. அதை இறுக்குவதற்குத்தான் ஆக்ஸிடோசின் ஊசி. ஒன்பது அமினோ அமிலங்கள் சேர்ந்த அந்தச் சிறு ஹார்மோனைச் சோதனைச் சாலையில் தயாரித்ததற்கும் அதைச் சேர்ந்த ஆராய்ச்சிகளுக்கும் வின்சென்ட் டு விக்னோ 1955-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றார். இயான் டொனால்ட் தொழிற்சாலைக்குப் போன அதே வருஷம். கெமிஸ்ட்ரி படித்தவள் என்பதால் இதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

எனக்கு அந்த ஊசி போட்டும் ரத்தம் போயிற்று. இரண்டு பாட்டில் ரத்தம் வேண்டும் என்றார்கள். என் கணவரின் ரத்தம் சேரவில்லை. மைத்துனர் ஊரில் இல்லை. செய்தி என் ஆபீசுக்குப் போயிற்று. அங்கிருந்து டைப்பிஸ்ட் பெண் ஒருத்தியும், எங்கள் செக்ஷன் ப்யூனும் ஓடி வந்து கொடுத்தார்கள். அந்த ப்யூன் சேட்டன் வலது கையில் கட்டைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்றதை என் மாமியார் பார்த்தார். மடி, ஆசாரம் எல்லாம் கண்டிப்பாகப் பார்க்கிறவர். அன்றிலிருந்து அவர் கண் மூடும் வரை ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த வீட்டுக்குத்தான் முதல் பக்ஷணம் போகும். ஏன் என்று கேட்ட உறவுக்காரர்களிடம் காரணம் சொன்னதில்லை. சொன்னால் கட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டி வருமே!

இந்த ஊரில் பிரசவ வைத்தியத்துக்கு ஒரு நீண்ட பாரம்பரியம் இருப்பது நம் பாக்கியம். டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் பெண் என்பதால் இங்குள்ள கல்லூரியில் ஸயன்ஸ் படிக்க இடம் கிடைக்காமல், சரித்திரம் எடுத்து பி.ஏ. பட்டம் பெற்றவர். பிறகு லண்டன் போய் டாக்டர் பட்டம் வாங்கி 1916-ல் திரும்பி வந்து தைக்காடு பெண்கள் ஆஸ்பத்திரியின் பொறுப்பை ஏற்றார். வீட்டுப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளை விரோதித்துக்கொள்ளாமல், அவர்கள் வீட்டுப் பெண்களையே சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். 1920-ல் திருவிதாங்கூரின் முதல் சிசேரியன் ஆபரேஷனைச் செய்தவர் அவரே. 1938-ல் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரல் ஆனார். பிறகு 1952-ல் நம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில், சிறு வயதில் காலமான ராஜகுமாரர் அவிட்டம் திருநாளின் நினைவாக எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி வந்தது.

இன்னொன்று, வெளியூர் அங்கத்தினர்களுக்குத் தெரிந்திருக்காது. கேரளத்துப் பிரசவ மருத்துவர்களின் சங்கக் கூட்டமைப்பு 2004-லிருந்து, பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அந்தக் கேஸை, நோயாளி பெயரோ ஆஸ்பத்திரி பெயரோ இல்லாமல், கூடி உட்கார்ந்து ஆராய்கிறது. யாரையும் தண்டிக்க அல்ல, என்ன செய்திருக்கலாம் என்று கற்றுக்கொள்ள. சாவுக்கு முக்கியக் காரணமாக அவர்கள் கண்டது ரத்தப் போக்கு. 2001-03 கணக்கில் கேரளத்தில் லட்சம் பிரசவத்துக்கு 110 தாய்மார் இறந்தார்கள். 2018-20 கணக்கில் 19. அதே காலத்தில் அகில இந்திய எண்ணிக்கை 301-லிருந்து 97. இதற்குப் பல காரணங்கள் உண்டு. தங்கள் தவறுகளை மூடி மறைக்காமல் டாக்டர்கள் மேஜைமேல் வைத்ததும் அதில் ஒன்று என்று நான் நம்புகிறேன். அவர்களே மறைக்கவில்லை. நாம் எதற்கு மறைக்கிறோம்?

நான் மறைத்ததற்கு என்ன விலை கொடுத்தேன் என்று சொல்கிறேன். அந்த ஆபரேஷனில் பிறந்த என் பெண், தன் பிள்ளை பிறந்த பிறகு வருஷக் கணக்காக மாதா மாதம் ஏழு நாள், எட்டு நாள் ரத்தப் போக்கோடு ஆபீசுக்குப் போய் வந்திருக்கிறாள். எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் என்று நினைத்தாள். 2019-ல் ஒரு நாள் ஆபீசில் மயங்கி விழுந்தாள். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே. ஸ்கேனில் மூன்று கட்டிகள். டாக்டர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் அம்மாவுக்கு இருந்ததா?" என்பது. ஏனென்றால் இது தாய்வழி, சகோதரிவழி வரக்கூடியது. அவள் ஃபோனில் என்னைக் கேட்டாள். "இருந்தது" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏம்மா சொல்லலே?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. ஸயன்ஸ் படித்த தாயார், சர்க்கார் ஃபைலில் ஒரு கமா தவறினால் திருப்பி அனுப்பினவள், சொந்தப் பெண்ணிடம் ஒரு வாக்கியம் சொல்லவில்லை.

அதனால்தான் இரண்டு வருஷம் முன்பு என் தம்பியின் பெண், பெங்களூரில் இருப்பவள், வயது 33, ஐந்தாம் மாதத்தில் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்து நின்றபோது நான் சும்மா இருக்கவில்லை. இரண்டு கட்டிகள். தம்பி மனைவி என்னைத் தனியாக அழைத்து, "அக்கா, சம்பந்தி மாமிக்குத் தெரிய வேண்டாம். ஸீமந்தம் ஆனதும் நான் எங்காத்துக்குக் கூட்டிண்டு போய்ப் பிரசவம் பார்த்துக்கறேன்" என்றாள். அவர்கள் இருப்பது பாலக்காட்டுப் பக்கம் ஒரு கிராமம். பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டுமென்றால் டவுனிலிருந்து வர வேண்டும். நான் சொன்னேன்: "முதல் பிரசவம் பிறந்தகத்திலே என்பது நல்ல வழக்கம்தான். தாயார் பக்கத்தில் இருக்கணும் என்பதுதானே அதன் அர்த்தம்? நீ பெங்களூர் போய் இரு." திருச்சியில் காவேரி வெள்ளத்தால் தாயார் வர முடியாதபோது, ஸ்வாமியே தாயாக அந்தப் பெண் இருந்த இடத்துக்கு வந்தார் என்றுதானே தாயுமானவர் கதை சொல்கிறது! பெண்ணை இடம் பெயர்க்கவில்லையே.

சம்பந்தி மாமியிடம் அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணை விட்டே ஃபோன் செய்யச் சொன்னோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கும் இருந்ததுடி. உன் ஆத்துக்காரன் பொறந்தப்புறம்தான் தெரிஞ்சுது. நீ கவலைப்படாதே" என்றார். இத்தனை பயமும் எதற்கு என்று தம்பி மனைவிக்குத் தோன்றியிருக்கும். அவளுடைய கட்டிகள் மேல்பக்கம் இருந்தன. ரத்த வங்கி உள்ள ஆஸ்பத்திரியில் சுகப் பிரசவம் ஆயிற்று. பேரனுக்கு இப்போது நடை வந்துவிட்டது.

முடிக்கும் முன் அகங்களில் நினைவில் வைக்க வேண்டிய சில விஷயங்கள். ஸ்கேனில் கட்டி என்று வந்தால், டாக்டரிடம் எத்தனை, எவ்வளவு பெரிது, எங்கே, நஞ்சுக்கொடிக்கு எவ்வளவு தூரம் என்று நான்கு கேள்விகள் கேளுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் சைவம் சாப்பிடுகிறவர்கள், இரும்புச் சத்து நமக்குச் சுலபமாகச் சேராது. அயர்ன் மாத்திரையைக் காப்பியோடும் பாலோடும் சாப்பிட்டால் பாதி வீண். எலுமிச்சம்பழ ஜூஸோடு சாப்பிடுங்கள். காப்பி ஒரு மணி நேரம் கழித்து ஆகட்டும். ரத்த வகை என்ன, யார் கொடுப்பார்கள், எந்த ஆஸ்பத்திரியில் இரவிலும் ரத்தம் கிடைக்கும் என்பதை எட்டாம் மாதத்துக்குள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இது மாமாக்களின் வேலை. அதற்காகத்தான் அவர்களை உட்கார வைத்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பே கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்திருந்தால், அதைப் பிரசவ டாக்டரிடம் மறைக்கவே கூடாது. கர்ப்பப்பையில் தையல் போட்ட இடம் வலியின்போது விட்டுக்கொள்ளும் அபாயம் உண்டு. அதைப் பார்த்துத்தான் அவர் பிரசவ முறையைத் தீர்மானிப்பார். சிசேரியனின்போதே கட்டியையும் எடுத்துவிடுங்கள் என்று நாம் வற்புறுத்தவும் வேண்டாம். ரத்தப் போக்கைக் கருதிப் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். சிலருக்கு எடுப்பதும் உண்டு. அது டாக்டரின் முடிவு. எனக்கு விட்டுவிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு அது பாதியாகச் சுருங்கி, பின்னால் தொந்தரவே கொடுக்கவில்லை.

திருக்கருகாவூர் கர்ப்பரக்ஷாம்பிகையை வேண்டிக்கொள்ளுங்கள், நானும் வேண்டிக்கொண்டவள்தான். அம்பாள் சன்னிதியில் மனசில் இருப்பதை ஒளிக்காமல் சொல்கிறோம் அல்லவா? அதே போல டாக்டரிடமும், மாப்பிள்ளை வீட்டிலும், முக்கியமாக உங்கள் பெண்களிடமும் சொல்லிவிடுங்கள்.

இன்று இங்கே வரும் முன் என் பெண்ணுக்கு ஃபோன் செய்து, "உன் விஷயத்தையும் சொல்லப் போகிறேன், சம்மதமா?" என்று கேட்டேன். "சொல்லும்மா, நாலு பேருக்குப் பிரயோஜனப்படட்டும்" என்றாள். அவள் அனுமதியோடுதான் பேசினேன்.